ஏதென்ஸில் ஒரு காலி இடம், பிளானோவில் ஓர் ஆணி

எனக்காக ஊரையே சண்டைக்கு இழுத்த என் சுமதி அக்காவுக்கு,

ஏதென்ஸ் போய்விட்டு வந்துவிட்டேன் அக்கா. உன் வாக்கிங் ஷூவைப் போட்டுக்கொண்டுதான் போனேன். உன் கால் என் காலைவிட ஒரு சைஸ் பெரிது. இரண்டு சாக்ஸ் போட்டும் குதிகாலில் கொப்புளம் வந்துவிட்டது. அந்த ஷூவை வாங்கி, கால் பழகட்டும் என்று உங்கள் ஊர் பிளானோ வெயிலுக்குப் பயந்து மாலுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி நடந்தாயே, ஞாபகம் இருக்கிறதா?

இன்னொரு சேதியும் இருக்கிறது. உன் வீட்டுக்காரரை, என் மதிப்புக்குரிய மாமாவை, உன் முதல் வருஷத் திதியன்று எல்லோர் முன்னாலும் தலைகுனிய வைத்துவிட்டேன். எனக்குத் துளிக்கூட வருத்தமில்லை.

ஏதென்ஸுக்குக் கூட்டிப்போகச் சொல்லி நீ எத்தனை கோடைகாலம் அவரிடம் கேட்டாய்? கிரீன் கார்டு வராமல் வெளியே போனால் திரும்பி வர விசா ஸ்டாம்பிங்கில் மாட்டிக்கொள்வோம் என்றார். சரி, நியாயம். கிரீன் கார்டு வந்தது. உடனே அவருக்கு ஆபீஸில் சாஃப்ட்வேர் ரிலீஸ் வந்தது. அப்புறம் வீடு மாறினீர்கள், அப்புறம் அவருடைய அம்மா வந்தார். அப்புறம் உனக்கு உடம்புக்கு வந்துவிட்டது.

இரண்டு கீமோவுக்கு நடுவில் டாக்டரே போய்வரலாம் என்று சொன்னார். நான் ஃப்ரீமான்ட்டில் என் வீட்டிலிருந்து ஃபோனில் கேட்டுக்கொண்டிருந்தேன். டிக்கெட் போட்டாய், ஷூ வாங்கினாய். "இந்த நிலைமைல அங்க போய் என்னத்தப் பாக்கப்போற? கல்லத்தானே?" என்று சொல்லி மாமா கேன்சல் பண்ணினார். நீ என்னிடம் அழவில்லை. "பரவால்லடி, அவங்க எங்கயும் ஓடிப்போக மாட்டாங்க" என்றாய்.

அவங்க என்று நீ சொன்னது ஏதென்ஸ் மலைமேல் இருக்கும் கல் பெண்களை. தூணுக்குப் பதிலாக நின்று, ஒரு மண்டபத்தின் கூரையைத் தலையில் தாங்குகிற ஆறு பெண்கள். "மேல இருக்கறது எல்லாம் டூப்புடி. ஒரிஜினல் கீழ மியூசியத்துல இருக்கு. அங்கதான் பின்னாடி போய்ப் பின்னலைப் பாக்க முடியும்" என்று எனக்கு வகுப்பே எடுத்தாய். உன் தலையில் ஒரு முடி மிச்சமில்லாத நாளில் அது. எனக்குப் பள்ளிக்கூடக் காலம் முழுவதும் இரட்டைப் பின்னல் போட்டுவிட்டவள் நீ.

நீ கண்மூடியதற்கு அடுத்த கோடையில் மாமா ஏதென்ஸ் போனார். பிளானோ நண்பர்களோடு குரூப் டூர். அந்த மண்டபத்தின் முன்னால், சந்தன மாலை போட்ட உன் ஃபோட்டோ ஃபிரேமை நெஞ்சோடு அணைத்தபடி நின்று படம் எடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். 'என் சுமதியின் கனவை நிறைவேற்றிவிட்டேன்' என்று எழுதியிருந்தார். எல்லோரும் கும்பிடு போட்டார்கள். இப்படி ஒரு புருஷன் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று ராஜி ஆன்ட்டி எழுதினார். உயிரோடு இருந்தவளை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஃபிரேமைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். அதுவும் டூப்பிடம்!

திதிக்கு முன்னால் நான் போய்வந்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். தனியாகத்தான் போனேன். தெருவெல்லாம் ஆரஞ்சு மரம், மரத்துக்கு மரம் பூனை. மலைப் பாதையில் கோடிப் பேர் நடந்து நடந்து கல் எண்ணெய் தடவியது போல வழுக்குகிறது. உன் ஷூ வழுக்கவில்லை. மேலே அந்த மண்டபத்தைக் கயிற்றுக்கு இந்தப்பக்கம் நின்று பார்க்கத்தான் விடுகிறார்கள், பின்னால் போக முடியாது. நீ சொன்னது அத்தனையும் சரி.

கீழே மியூசியத்தில் அவர்கள் நிற்கிறார்கள் அக்கா. மூக்கு தேய்ந்து, கை போய், ஆனாலும் நிமிர்ந்து. பின்னால் போய் நின்றேன். கெட்டியான பின்னல், இடுப்பை நோக்கி இறங்குகிறது. ஒவ்வொருத்திக்கும் பின்னல் வேறு மாதிரி. உனக்காக ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அழுதேன், காவலுக்கு நின்ற பெண் டிஷ்யூ கொடுத்தாள்.

அங்கே ஐந்து பேர்தான் இருக்கிறார்கள். ஆறாவது பெண்ணை எந்தக் காலத்திலோ ஒருவன் பெயர்த்து லண்டனுக்குக் கொண்டுபோய்விட்டான். அவள் இடத்தை இவர்கள் நிரப்பவில்லை, சும்மா காலியாக விட்டுவைத்திருக்கிறார்கள். வருகிறவர்கள் எல்லாம் அங்கே நின்று, இங்கே இருந்தவள் எங்கே, யார் கொண்டுபோனது என்று கேட்கிறார்கள். கைடு ஒவ்வொரு முறையும் பதில் சொல்கிறார். நான் அங்கேயே ரொம்ப நேரம் நின்றேன்.

திதியன்று பிளானோ வீட்டில் சாப்பாடு முடிந்ததும் மாமா டி.வி.யில் படங்களை ஓடவிட்டார். மண்டபப் படம் வந்ததும் நிறுத்தினார். "இங்க நின்னப்ப சுமதி என் காதுல வந்து பேசின மாதிரி இருந்துச்சு" என்றார்.

"பேசியிருக்க மாட்டா மாமா" என்றேன். "பேசியிருந்தா, முதல்ல இது டூப்புன்னு சொல்லியிருப்பா."

மாமா முகத்தில் ஈயாடவில்லை. "ஒரிஜினல் கீழ மியூசியத்துல இருக்கு. அங்க போனீங்களா?" என்று கேட்டேன்.

"லஞ்ச் டைம் ஆயிடுச்சும்மா. குரூப்போட போகணும்ல..."

அவர் பதற்றத்தில் ரிமோட்டை அழுத்த, அடுத்த படம் வந்தது. இந்தியன் பஃபே. தட்டு நிறைய பனீர் பட்டர் மசாலா, பக்கத்து நாற்காலியில் நீ, மாலையோடு. யாரோ சிரிப்பை அடக்கினார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அவ உயிரோட இருந்தப்ப ஏன் மாமா கூட்டிட்டுப் போகல?"

"என்ன கவி பேசற? அவ உடம்புக்காகத்தானே வேண்டாம்னேன்."

"டாக்டர் போலாம்னு சொன்னாரு. டிக்கெட்ட நீங்கதான் கேன்சல் பண்ணீங்க. நான் ஃபோன்ல இருந்தேன்."

அப்போதுதான் உன் மகள் நிலா வாயைத் திறந்தாள். "ஷி ஆஸ்க்ட் யூ, அப்பா. எவ்ரி சம்மர். யூ செட் நோ." கத்தவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். ராஜி ஆன்ட்டி பாயசத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமா டி.வி.யை அணைத்தார்.

எல்லோரும் போன பிறகு என்னிடம் வந்தார். "மன்னிச்சிடும்மா" என்றார். கண் கலங்கியிருந்தது, நடிப்பு இல்லை. "என்கிட்ட எதுக்கு மாமா? கனவ நிறைவேத்திட்டேன்னு எழுதினீங்கல்ல, அதே குரூப்ல உண்மைய எழுதுங்க" என்றேன். அவர் மாடிக்குப் போய்விட்டார்.

நீ இருந்திருந்தால் போதும் விடுடி என்றிருப்பாயோ? அல்லது அந்தக் குறும்புச் சிரிப்பைச் சிரித்திருப்பாயோ? எனக்குத் தெரியவில்லை. எப்படியானாலும் நான் விடுவதாக இல்லை.

அதனால் ஹாலில் மாட்டியிருந்த உன் படத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். நிலாதான் ஸ்டூல் போட்டு ஏறிக் கழற்றித் தந்தாள். "டேக் ஹெர், சித்தி" என்றாள். நீ இப்போது ஃப்ரீமான்ட்டில், என் சமையலறையில் மாலை இல்லாமல் இருக்கிறாய். பிளானோ வீட்டு ஹாலில் விளக்கு இருக்கிறது, விளக்குக்கு மேலே வெறும் ஆணி இருக்கிறது. அந்த இடத்தை நிரப்ப வேண்டாம் என்று நிலா அவரிடம் சொல்லிவிட்டாள். வருகிறவர்கள் எல்லாம் சுமதி படம் எங்கே என்று கேட்கிறார்களாம். ஒவ்வொரு முறையும் அவர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

அடுத்த கோடையில் நிலாவை அந்தப் பின்னல்களிடம் கூட்டிப்போவேன், இது சத்தியம். அவர் குரூப்பில் உண்மையை எழுதுகிற வரைக்கும் நீ அந்த ஆணிக்குத் திரும்ப மாட்டாய், இதுவும் சத்தியம்.

நீ பின்னிவிட்ட தலையோடு,
உன் தங்கை கவி