உன் ஹெல்மெட்டின் வாசனை

இன்று காலை என் மகள் ரம்யா, உன் ஹெல்மெட்டின் உள்துணியைக் கழற்றி சோப்பு வாளிக்குள் போடப் போனாள். ஓடிப்போய்ப் பிடுங்கிக்கொண்டேன். "நாத்தம் அடிக்குதும்மா" என்றாள். அடிக்கட்டும். நீ போன பிறகு உன் வீட்டுக்காரர் என்னிடம் கொடுத்ததிலிருந்து அதை அலமாரியில் புடவைகளுக்கு நடுவே வைத்திருக்கிறேன். வெந்தயம் போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெயும் வியர்வையும் கலந்த உன் தலையின் வாசனை இன்னும் அதில் இருக்கிறது. கொஞ்ச நாளாகக் குறைந்துகொண்டு வருகிறது. எனக்குத் தெரியாமல் இவள் வெயிலில் வைக்கிறாளோ என்றுகூடச் சந்தேகம். என் புத்திதான் உனக்குத் தெரியுமே.

ஆனால் சந்தேகத்தில் நீ என்னை மிஞ்சியவள். நம் பள்ளிக்கு டிராயிங் சொல்லிக்கொடுக்க வந்தவள், காலையில் வாசலில் நின்று, சைக்கிளிலும் ஸ்கூட்டரின் பின்னாலும் வரும் பிள்ளைகளின் ஹெல்மெட்டை வாங்கி மோந்து பார்ப்பாய். "ஹாக்கிதீனி மிஸ், மனேயிந்தானே!" என்று, வீட்டிலிருந்தே போட்டுக்கொண்டு வந்ததாகக் கன்னடத்தில் சத்தியம் செய்வார்கள். "வாய் பொய் சொல்லும், துணி சொல்லாது" என்பாய். வழியெல்லாம் தொங்கவிட்டு வந்து, கடைசித் திருப்பத்தில் தலையில் ஏற்றிக்கொள்ளும் கூட்டம் அது. உள்துணியில் தலை எண்ணெயும் வியர்வையும் மணந்தால் தப்பித்தார்கள், புது பிளாஸ்டிக் வாசனை வந்தால் அகப்பட்டார்கள். நான் உன்னை மோப்ப நாய் என்று கேலி செய்வேன். நீ ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை.

பிறகு திடீரென்று எல்லார் ஹெல்மெட்டும் எண்ணெய் மணக்க ஆரம்பித்தது. நீ பூரித்துப் போனாய். எனக்குத்தான் உறுத்தியது. பையன்களின் தலையெல்லாம் வறண்டு கிடக்க, துணியில் மட்டும் எண்ணெய் எப்படிப் பிசுபிசுக்கும்? வீட்டு எண்ணெயை எடுத்து நேராகத் துணியிலேயே தடவிக்கொண்டு வந்திருக்கிறார்கள்! நான் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தாய். சிரித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்திவிட்டு வெளியே கைகாட்டினாய். மகனைப் பின்னால் உட்காரவைத்து வந்த ஒருவர், எதிரே நாற்சந்தி சர்க்கிளில் போலீஸ்காரரைக் கண்டதும் வண்டியை ஓரங்கட்டி, முழங்கையில் கிடந்த ஹெல்மெட்டைத் தலைக்கு மாற்றினார். தாண்டியதும் மறுபடி முழங்கைக்கு.

"அப்பா போலீஸுக்குப் போடறார், புள்ள எனக்குப் போடறான். தலைக்காகப் போடறவங்க யாருடி?" என்று கேட்டாய்.

அதற்குப் பிறகு நீ வாசலில் நிற்கவில்லை. விட்டுவிட்டாய் என்று எல்லாரும் நினைத்தார்கள். நான் நம்பவில்லை. உன் வகுப்பைத் தாண்டும்போது உள்ளே குசுகுசுப்பு. என் தலையைக் கண்டதும் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. ரம்யாவும் அந்த வகுப்பில்தான் இருந்தாள். வீட்டில் துருவிக் கேட்டால், "சும்னேம்மா, சும்மா டிராயிங்தான்" என்று நழுவினாள். என்னமோ நடக்கிறது என்று மட்டும் தெரிந்தது.

ஒரு மாலை, அவளை ட்யூஷனுக்குக் கூட்டிப்போக அவள் அப்பா சாவியை எடுத்தார். இவள் அவருடைய ஹெல்மெட்டைத் தூக்கி உள்ளே மூக்கை விட்டாள். அப்படியே கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டாள்.

"கடை வாசனதான் வருது. நீங்க ஆபீஸுக்கு இதப் போட்டுக்கறதே இல்ல. நான் உங்க வண்டில வரல்ல."

"எனக்கு முடியே இல்ல, எண்ண வாசன எங்கேருந்து வரும்?"

"வேர்வை வருமில்ல?"

யார் சொல்லிக்கொடுத்தது என்று அவர் அதட்டினார். அவள் சொல்லவில்லை. எனக்கு ஆள் தெரிந்துவிட்டது.

மறுநாள் உன்னிடம் சண்டைக்கு வந்தேன். "என் வீட்டுக்குள்ளயே உளவாளி வெச்சிருக்கியா?"

"உன் வீடு மட்டும் இல்லடி, எல்லா வீட்டுலயும்தான்" என்றாய், பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே. "போலீஸ் புடிச்சா ஃபைன் கட்டிட்டுப் போயிடுவாங்க. பெத்த புள்ள வண்டில ஏற மாட்டேன்னா? அப்பனுக்குப் பரீட்ச வெக்கற புள்ள, தான் மட்டும் காப்பி அடிக்க முடியாது பாரு." அப்புறம் கண்ணைச் சிமிட்டினாய். "உன்னோடதையும் மோந்து பாத்தாளாம். நீ பாஸ்." வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த மழைக்காலத்தில்தான் உனக்குக் காய்ச்சல் வந்தது. வெறும் காய்ச்சல்தான் என்றாய். எதையும் நம்பாத நான் அதை மட்டும் நம்பினேன்.

உனக்குச் சொல்ல வேண்டிய சேதி ஒன்று இருக்கிறது. போன வாரம் ரம்யாவும் அவள் அப்பாவும் ட்யூஷனிலிருந்து வரும்போது நாய் குறுக்கே ஓடி வண்டி சரிந்தது. ரம்யாவின் தலை நடைபாதைக் கல்லில் மோதியது. ஹெல்மெட்டில் விரிசல் விட்டுவிட்டது. தலைக்கு ஒன்றுமில்லை. அவர் தலையிலும் ஹெல்மெட் இருந்தது. முழங்கால் சிராய்ப்போடு பிழைத்தார். டாக்டர் பரிசோதித்துவிட்டு பயமில்லை என்றார். நான் அவரையும் நம்பாமல், அவள் தூங்கும்போதெல்லாம் மூச்சு வருகிறதா என்று குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் மூச்சு சூடாக என் கன்னத்தில் பட்டபோதெல்லாம் உன்னை நினைத்தேன்.

"அடிபட்ட ஹெல்மெட்டத் திரும்பத் தலைல வெக்கக் கூடாதுன்னு மிஸ் சொல்லியிருக்காங்க" என்று ரம்யாவே அதைத் தூக்கிப் போட்டுவிட்டாள். புதிது வாங்கும்வரை உன்னுடையதைப் போட்டுக்கொள்கிறேன் என்றாள். நீ போவதற்கு முந்தின தசராவுக்கு வாங்கியது, ஒரு கீறல் இல்லை. சின்னத் தலை உனக்கு. அவளுக்கு ஆடாமல் அசையாமல் பொருந்துகிறது.

பிடுங்கிய துணியை முகத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு நானே அதை வாளியில் முக்கி, அலசி, கொடியில் போட்டேன். இப்போது அதில் வெறும் சோப்பு வாசனைதான். காய்ந்ததும் மாட்டிக்கொண்டு, சாயங்காலம் அப்பாவோடு கிளம்புவாள்.

திரும்பி வந்து, வழி முழுக்கப் போட்டிருந்தேன் என்றுதான் சொல்வாள். நான் வாங்கி மோந்து பார்ப்பேன்.