கப்ராலுக்குத் தெரிந்த சொல்

ஜூன் 8, ஞாயிறு

சிலிண்டர் கொண்டுவந்தவரின் பேன்ட்டைக் கப்ரால் இன்று கவ்விவிட்டான். கால் தப்பியது, துணிதான் கிழிந்தது. "இன்னாம்மா, நாயைக் கட்டிப் போட மாட்டீங்களா?" என்று அவர் கத்தினார். நான் கொஞ்சமும் கூசாமல், "அவன் இன்னும் சாப்பிடல, அதான்" என்றேன். பொய். கோழியும் சோறும் வயிறு முட்டத் தின்றுவிட்டு வாசலில் படுத்திருந்தவன்தான். போன வாரம் தபால்காரரைப் பார்த்து உறுமியபோது மழை மேல் பழியைப் போட்டேன். அதற்கு முன்னால் மீன்காரம்மாவிடம், கூடையின் வாடை என்றேன். வீட்டுப்பாடம் எழுதாத என் வகுப்புப் பிள்ளைகள்கூட இத்தனை சாக்குச் சொல்வதில்லை.

என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே போய்த் தன்னுடைய பேன்ட் ஒன்றை எடுத்து வந்து அந்த ஆளிடம் கொடுத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஜூன் 9, திங்கள்

கப்ரால் இன்று யாரையும் எதுவும் செய்யவில்லை. இதையெல்லாம் எழுதி வைக்கிற நிலைமைக்கு வந்துவிட்டேன்.

ஜூன் 19, வியாழன்

மொரீஸ் ஐயா பிரான்சிலிருந்து போன் செய்தார். கப்ரால் எப்படி இருக்கான், நல்லா தூங்கறானா, அஸ்ஸி சொன்னா உக்கார்றானா? என்னைப் பற்றிக் கடைசியில்தான் விசாரித்தார்.

ஜனவரியில் மகள் சோஃபியோடு இருக்கப் பிரான்சுக்குக் கிளம்பும்போது கப்ராலை எங்களிடம் விட்டுப் போனவர். எதிர்வீடுதான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்ததால் தெருவில் சொல்தா என்றால்தான் தெரியும். நாய்க்கும் பட்டாளத்துப் பதவி ஒன்றையே பெயராக வைத்து, பட்டாளத்து ஆளாகவே வளர்த்திருந்தார். அஸ்ஸி என்றால் உட்காரும். குஷே என்றால் படுக்கும். வாயில் எதைக் கவ்வியிருந்தாலும் லாஷ் என்றால் விட்டுவிடும். "கத்தக் கூடாதும்மா. ஒரே வாட்டி, மெதுவா, லாஷ். அவ்ளோதான்." காரில் ஏறி உட்கார்ந்த பிறகும் கண்ணாடியை இறக்கி இன்னொரு தரம் சொன்னார்.

நான் சிரித்துவிட்டேன். தமிழ் டீச்சர் வீட்டு நாய் பிரெஞ்சில்தான் சொல் பேச்சுக் கேட்கும் என்றால் முதலியார்பேட்டையே சிரிக்காதா? "வந்த எடத்துப் பாஷையக் கத்துக்கட்டும் ஐயா" என்றேன். அவர் முகம் சுருங்கியது இப்போதும் நினைவிருக்கிறது.

கற்றுக்கொண்டும்விட்டான், சமர்த்து. உட்கார், படு, வா எல்லாம் இரண்டே மாதத்தில் வந்துவிட்டது. 'விடு' மட்டும் விளையாட்டாகப் போய்விட்டது. நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பழைய துண்டைக் கவ்விக்கொண்டு ஓடி வருவான். ஒரு முனை அவன் வாயில், மறுமுனை என் கையில். "விடுடா, விடு, விடுன்றேன்ல" என்று நான் இழுக்க இழுக்க, உறுமிக்கொண்டே பின்னால் இழுப்பான். வால் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கும். கடைசியில் நான்தான் விடுவேன். மாடியில் குடியிருக்கும் அமுதவல்லி கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, "டீச்சர் இன்னிக்கும் தோத்துட்டாங்க!" என்று கைதட்டுவாள். தட்டாஞ்சாவடியில் ஒரு தையல் கம்பெனியில் மிஷின் ஓட்டுகிற பெண். நாளெல்லாம் குனிந்து தைத்துவிட்டு வருபவளுக்கு இது ஒரு பொழுதுபோக்கு. எனக்கும்தான். நாள் முழுக்க நான் வாய்விட்டுச் சிரிப்பது அந்த நேரம் மட்டும்தான்.

ஜூலை 2, புதன்

கீழே விழுந்த எலும்பை எடுக்கக் குனிந்தபோது வீட்டுக்காரர் கையில் கப்ராலின் பல் பட்டுவிட்டது. பட்டது என்றுதான் எழுதுகிறேன். கடித்தது என்று எழுதக் கை வரவில்லை.

இவர் குழாயில் கையைக் காட்டிக்கொண்டே சொன்னார். "எனக்குன்னா பரவாயில்ல நிர்மலா. நாளைக்கு வேற யாரையாவது புடிச்சா இன்னா பண்ணுவ? வாய்க்கு மாட்டுற கூடு ஒண்ணு வாங்கியாரேன்."

வேண்டாம் என்றேன். கொஞ்சம் கத்தியே சொன்னேன். "அவன் இன்னா தெருநாயா? வாயக் கட்டி வெச்சா அவனுக்கு அவமானமா இருக்காதா?"

நாய்க்கு அவமானமாம். எனக்கே இப்போது படிக்க ஒரு மாதிரி இருக்கிறது. ஆனால் அவன் என் காலடியில் தலையை வைத்துப் படுத்திருக்கிறான். இந்த முகத்துக்கா கூடு?

ஜூலை 13, ஞாயிறு

எழுதித்தான் ஆக வேண்டும்.

காலையில் அமுதவல்லி மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு துண்டு காற்றில் பறந்து கீழே விழுந்தது. கப்ரால் கவ்விக்கொண்டான். அவள் படியிறங்கி வருவது எனக்கு அடுப்படியில் கேட்டது. "விடுடா கப்ரால், என் துண்டுடா அது, விடு" — சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். என்னை மாதிரியே ராகம் போட்டுச் சொன்னாள். நான் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். நானும் சிரித்தேன்.

அப்புறம் ஒரு அலறல்.

ஓடினேன். துண்டு கீழே கிடக்கிறது. அவள் வலது கை அவன் வாயில். விடு, விடு, விடுடா, டேய் விடுடா, சனியனே விடுடா — தொண்டை கிழியக் கத்தினேன். நான் கத்தக் கத்த அது இன்னும் இறுக்கிப் புடிக்குது. பின்னால இழுக்குது. அவள் முழங்கால் தரையில் தேய்ந்தது. இவர் வந்து ஒரு வாளித் தண்ணீரை அதன் மூஞ்சியில் ஊற்றினார். அப்புறம்தான் வாயைத் திறந்தது.

கட்டைவிரலை அசைக்கிற நரம்பு அறுந்துவிட்டதாம். ஆபரேஷன் செய்ய வேண்டும். நாய்க்கடி ஊசியும் போடுகிறார்கள். "எங்க நாய்க்கு எல்லாத் தடுப்பூசியும் போட்டிருக்கு சார்" என்று டாக்டரிடம் சொன்னேன். பெருமை மாதிரி இருந்தது என் குரல். இன்னா பெருமை வேண்டிக் கெடக்கு எனக்கு?

வலது கை. அவள் மிஷினில் துணியைப் பிடித்துத் தள்ளுகிற கை.

வீட்டுக்கு வந்தால், கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்திருக்கிறது. நான் கத்தியதிலிருந்து 'அது' என்றே எழுதியிருக்கிறேன். இப்போதுதான் கவனித்தேன்.

ஜூலை 14, திங்கள்

பள்ளிக்கூடத்துக்கு விடுப்பு சொல்லிவிட்டேன்.

இன்று பிரெஞ்சுக்காரர்களின் திருநாள். மொரீஸ் ஐயா ஊரில் இருந்தவரை மெடல்களைக் குத்திக்கொண்டு மற்ற சொல்தாக்களோடு ஊர்வலத்தில் நடப்பார். அந்த ஏக்கத்தில் போன் செய்தார். "எல்லாரும் நடந்தாங்களாம்மா? வெயில் எப்படி?" என்று கேட்டார். நான் ஊர்வலம் பார்க்கப் போகவில்லை. கப்ரால் அமுதவல்லியைக் கடித்துவிட்டான் என்பதைத்தான் சொன்னேன்.

எந்தக் கை, எவ்வளவு ஆழம் என்று விசாரித்தார். பிறகு, "லாஷ் சொன்னியாம்மா?" என்றார்.

"விடு விடுன்னு கத்தினேன் ஐயா. கேக்கவே இல்ல."

"அதக் கேக்கலம்மா. லாஷ் சொன்னியா?"

நெட்வொர்க் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். இன்னொரு பொய்.

பழைய துண்டை எடுத்து நீட்டினேன். கட்டிலுக்கு அடியிலிருந்து தயங்கித் தயங்கி வந்தான். கவ்வினான். 'விடு' என்றேன். பின்னங்காலை ஊன்றி இழுத்தான், வால் ஆட ஆரம்பித்தது. இன்னும் சத்தமாக, 'விடு.' இன்னும் பலமாக இழுத்தான். நேற்று நான் கத்தியது போலவே கத்திப் பார்த்தேன். தலையை உதறி உதறி இழுத்தான். அவனுக்கு ஒரே சந்தோஷம்.

'லாஷ்.' நாக்குக்குப் பழகாத சொல், பாதிதான் வெளியே வந்தது. துண்டு தரையில் விழுந்தது. உட்கார்ந்துகொண்டு என் முகத்தைப் பார்த்தான்.

ஆறு மாதமாக யாரும் அவனிடம் சொல்லாத சொல். அவன் மறக்கவில்லை. நான்தான் அதைச் சீந்தவே இல்லை.

விடு என்றால் இழு என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். தினம் தினம், சிரித்துக்கொண்டே. அமுதவல்லி அதைத்தான் சொன்னாள். நான் ஓடி வந்து அதையே சொன்னேன், அவள் கை அவன் வாயில் இருக்கும்போது.

ஜூலை 15, செவ்வாய்

எட்டாம் வகுப்பில் ஏவல் வினை. எடுத்துக்காட்டு கேட்டதும் முதல் பெஞ்சுப் பெண் எழுந்து, "விடு" என்றாள். சரியான விடைதான். வேறு சொல் என்று உட்கார வைத்தேன்.

ஜூலை 18, வெள்ளி

ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆபரேஷன் முடிந்து முழங்கை வரை கட்டு. மறுபடி எப்போது ஊசி பிடிக்க முடியும் என்று கேட்டாளாம். போகப் போகத்தான் தெரியும் என்றாராம் டாக்டர்.

என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தாள். "டீச்சர், நீங்க மட்டும் ஓடியாந்து கத்தலன்னா என் கையே போயிருக்கும்." அவள் அம்மா ராஜாம்பாள் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஃபிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுத்தார்.

குடித்தேன். வேண்டாம் என்று சொல்லக்கூட யோக்கியதை இல்லாமல் அந்தக் காப்பியைக் குடித்தேன்.

ஜூலை 20, ஞாயிறு

தெருவில் எல்லோரும் 'வெறி புடிச்ச நாய்' என்கிறார்கள். நான் தலையை ஆட்டிக்கொண்டு போகிறேன்.

"ஊசி போட்டு முடிச்சுடுங்கன்றாங்க எல்லாரும்" என்றார் இவர். "எனக்கும் மனசு வரல. ஆனா நம்ம ரெண்டு பேரும் முடிவு பண்ற விஷயம் இல்ல இது. கடிபட்டவ அவ. அமுதவல்லி இன்னா சொல்றாளோ அதான்."

நியாயம்தான். ஆனால் அவளுக்குப் பாதிதானே தெரியும்? சொன்னால், நாய்க்காகப் பேச வந்திருக்கிறேன் என்று நினைப்பாள். சொல்லாவிட்டால், என் குற்றத்தையும் சேர்த்து அவன் தலையில் கட்டிச் சாக விடுகிறேன். எல்லாமே சொல்லால் வந்தது என்றும் சொல்லிவிட முடியாது. சிலிண்டர்காரரிடம் நான் எந்தச் சொல்லும் சொல்லவில்லையே. அவன் கடிக்கிற நாய். அதுவும் எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சாக்குச் சொன்னேன்.

ஜூலை 27, ஞாயிறு

அமுதவல்லி வீட்டுக்கு வந்துவிட்டாள். மேலே போய்ச் சொன்னேன். துண்டு, விடு, லாஷ், மொரீஸ் ஐயா காரில் ஏறிக்கொண்டு சொன்னது, நான் சிரித்தது — எல்லாம். வகுப்பில் நாற்பது பேருக்கு முன்னால் கணீரென்று பேசுகிறவள், இன்று தரையைப் பார்த்துக்கொண்டு முணுமுணுத்தேன்.

அவள் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். கடைசியில், "ஒரு வார்த்தைதானே டீச்சர்?" என்றாள்.

"ஆமா."

"சார் வாய்க்கு மாட்டுற கூடு வாங்கியாரேன்னாரு இல்ல, அன்னிக்கு நான் மாடியிலதான் இருந்தேன். நீங்க வேணாம்னு கத்துனது கேட்டுது. அப்பக்கூட, நாயின்னா எவ்ளோ உசுரு பாரு டீச்சருக்குன்னு எங்கம்மாகிட்ட போன்ல சொல்லிச் சிரிச்சேன்."

அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். ராஜாம்பாள் காப்பி தரவில்லை. அதுதான் சரி.

ஆகஸ்ட் 1, வெள்ளி

தினமும் மேலே சாப்பாடு கொடுத்து அனுப்புகிறேன். பாத்திரம் கழுவிப் படியில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

கூடு வாங்கி மாட்டினேன். ஒரு நிமிடம் தலையை உதறினான். பிறகு அப்படியே படுத்துத் தூங்கிவிட்டான். அவனுக்கு ஒரு அவமானமும் இல்லை. அத்தனையும் எனக்குத்தான் இருந்திருக்கிறது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அமுதவல்லி பாதிப் படி வரை இறங்கி வந்து நின்றாள். கப்ராலை உள்ளே போட்டுக் கதவைச் சாத்தினேன்.

"கொல்ல வேணாம் டீச்சர்" என்றாள். "அதுக்கு இன்னா தெரியும்? ஆனா நான் படியெறங்கும்போது அது இங்க இருக்கக் கூடாது. கதவுக்குப் பின்னால மூச்சு வுடுறது கேட்டாலே படியிலயே நின்னுடறேன்."

கம்பெனியில் பிசிறு வெட்டுகிற வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்களாம். இடது கையால் செய்து பழகிக்கொள்ளலாமாம். மிஷின் பற்றி யாரும் பேசவில்லை.

"உன் கைக்கு நான்—" என்று ஆரம்பித்தேன். "இப்ப அதெல்லாம் பேசாதீங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி ஏறினாள்.

சாயங்காலம் மொரீஸ் ஐயாவுக்கு நானே போன் செய்தேன். தவளக்குப்பத்தில் அவர் அக்கா மகன் தியரி இருக்கிறார். தனிக் கட்டை, பெரிய தோட்டம், ஆள் உயர மதில். "தியரிக்குப் பாஷ தெரியும்மா" என்றார். குத்திக் காட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

தவளக்குப்பத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தோம்.

காரில் கடலூர் ரோடு முழுக்க என் மடியில் தலையை வைத்துக்கொண்டே வந்தான். எங்கேயோ ஊர் சுற்றக் கூட்டிப் போகிறோம் என்று நினைப்பு. தியரி கேட்டைத் தாழ் போட்டுவிட்டு, கூட்டைக் கழற்றி, "அஸ்ஸி" என்றார். டக்கென்று உட்கார்ந்தான். முதுகெல்லாம் நிமிர்ந்துவிட்டது. எத்தனையோ நாள் கழித்து ஊர்க்காரரைப் பார்த்த மாதிரி அவரையே பார்த்தான். எனக்குப் பொறாமையாக இருந்தது. அதையும் எழுதி வைக்கிறேன்.

வெளி ஆள் வரும்போதெல்லாம் கூடு போட வேண்டும் என்று தியரியிடம் சொன்னேன். சிலிண்டர்காரர், தபால்காரர், மீன்காரம்மா, இவர் கை, எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு சாக்கும் சேர்க்காமல் சொன்னேன். இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

கிளம்பும்போது எனக்குப் பின்னாலேயே வந்தான். கேட்டருகில் என் முந்தானையைக் கவ்விக்கொண்டான். கடிக்கவில்லை, கிழிக்கவும் இல்லை. வால் ஆடுகிறது, பின்னங்காலை ஊன்றிவிட்டான். ஆட்டத்துக்குக் கூப்பிடுகிறான். நான் எப்போதும் போல 'விடுடா' என்று சொல்வேன், இழுப்பேன், தோற்பேன் என்று காத்திருக்கிறான்.

தியரி வாயைத் திறந்தார். நானே சொல்கிறேன் என்று கையைக் காட்டினேன். குனிந்து அவன் காதருகில், கத்தாமல், ஒரே தரம்தான் சொன்னேன்.

"லாஷ்."

விட்டுவிட்டான்.