இருபத்தொரு சதவீதம்

குவாஹாட்டி

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? மம்சாபுரத்தில் மழை உண்டா? நான் நலம்.

இரண்டு மாதம் முன்பு இங்கே மத்திய போலீஸ் பயிற்சி ஓட்டத்தில் லேசாகத் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டேன், அவ்வளவுதான். டாக்டரம்மா ஒரு மெஷினில் ஏற்றிப் பார்த்தார். உடம்பில் கொழுப்பு பதின்மூன்று சதவீதம்தானாம். பெண்ணுக்கு அது காணாது, மாதவிலக்கு தள்ளிப்போவதும் அதனால்தான் என்றார். நானோ ஒல்லியாக இருந்தால்தான் வேகமாக ஓடலாம் என்று எண்ணெய், நெய்யைத் தொடாமல் இருந்தேன். நான் வயதுக்கு வந்தபோது உளுந்தங்களியில் நல்லெண்ணெயை ஊற்றி, "ஏட்டி, மூஞ்சியச் சுளிக்காம முழுங்கு, அப்பதான் இடுப்பு கெட்டிப்படும்" என்று நீ அதட்டியது நினைவுக்கு வந்தது.

ஒழுங்காகச் சாப்பிட்டு இப்போது இருபத்தொன்றுக்கு வந்துவிட்டேன். எடையும் கூடியிருக்கிறது. நேற்று ஓட்டத்தில் நான்தான் முதலாவது. வட நாட்டுப் பிள்ளைகள் என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்கிறார்கள்.

கறுப்பு உளுந்து மாவும் செக்கு எண்ணெயும் அனுப்பு. அந்தப் பிள்ளைகளுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் வை. மெஸ் அக்கா அடுப்பு தருவார். போன் ஞாயிறு மட்டும்தான் தருவார்கள். அன்று நான் களி கிண்டி முடிக்கும்வரை லைனிலேயே இரு. திட்டிக்கொண்டே இருந்தாலும் சரி.

விசில் ஊதிவிட்டார்கள், ஓடுகிறேன்.

முதலாவதாக வந்த உன் மகள்,
மாரிச்செல்வி