கால் குட்டையான மேசை

தோட்டத்து மகாராணி அம்மாவுக்கு,

நம் கொல்லைக் கொட்டகை இனி உன் தோட்டப் பட்டறை. வெள்ளையடித்தது நான். சுவரைவிட என் தலைதான் அதிகம் வெளுத்தது.

மேசையை அப்பா செய்தார், பழக்கதோஷத்தில் நீ நிற்கும் உயரத்துக்கு. அவர் கடைக்குப் போனதும் அதன் கால்களை அறுத்துக் குட்டையாக்கினேன். திரும்பி வந்தவர், "குரங்கே! என்னடா பண்ணி வெச்சிருக்க?" என்று கத்தினார்.

அவர் கணக்கெழுத உட்காரும் உருளும் நாற்காலியை உன் சக்கர நாற்காலியாக நினைத்து, அதில் உட்கார்ந்து, முழங்கால் இடிக்காமல் மேசைக்கடியில் நுழைந்து, தொட்டியில் மண் நிரப்பிக் காட்டினேன். அவர் உடனே கடப்பாரையை எடுத்து வந்து வாசற்படியை உடைத்துச் சரிவாக்க ஆரம்பித்தார்.

"இனி எனக்கெதுக்குடா தோட்டம்?" என்று ஆஸ்பத்திரியில் கேட்டாயே, வந்து பார்த்துவிட்டுக் கேள். எல்லாம் உன் கைக்கு எட்டும். பூவாளியை மட்டும் உயரத்தில் மாட்டியிருக்கிறேன். அதற்காவது என்னைக் கூப்பிட வேண்டாமா?

மேசையின் காலை வாரிய,
உன் குரங்கு