வெறுங்கையோடு வா

கட்டாக்,
ஸ்நான பௌர்ணமி கழிந்த வாரம்.

அன்புத் தம்பி சுகாந்துக்கு,

அண்ணன் அந்தர்யாமி எழுதுவது. தோஹாவின் வெயிலில் உனக்கு ஒரு குறையும் நேரக்கூடாது என்பது இந்த வீட்டில் விளக்கேற்றும்போதெல்லாம் எங்கள் வேண்டுதல். கடிதத்தின் முதல் வரியில் இங்கு அனைவரும் நலம் என்று எழுதுவது என் வழக்கம். இம்முறை அப்படி ஒட்டுமொத்தமாக எழுத இயலவில்லை. நானும் உன் அண்ணி குந்தலாவும் நலம். உன் மனைவி சஸ்மிதா உறங்குவதில்லை. உன் மகள் ஜிலி உயிரோடு இருக்கிறாள்.

தொலைபேசி இருக்க எதற்குக் கடிதம் என்று கேட்பாய். தொலைபேசியில் நீ சிரிக்கிறாய். "அண்ணா, தெருவுல மாடு போனாக்கூட உங்க வீட்டுல கதவச் சாத்துறீங்களாமே?" என்று சென்ற வாரம் கேட்டாய். உன் அறையில் இருந்தவர்களும் சேர்ந்து சிரித்தது எனக்குக் கேட்டது. தாளைப் பார்த்து அவ்வாறு சிரிப்பது கடினம். உன்னோடு குழாய் வேலை பார்க்கும் பனமாலி விடுப்பு முடிந்து நாளை திரும்புகிறான். நீ விமானம் ஏறுவதற்குள் இது உன் கையில் சேர்ந்துவிடும்.

தேர்த்திருவிழாவுக்கு நீ வருவதாக நம் சகோதரி நிருபமா சொன்னாள். நம் ஊர்க் கோயிலில் ஒரு குடம் பால் பாயசம் படைத்து, அதை உன் கையாலேயே ஜிலிக்கு ஊட்டி நேர்த்திக்கடனை முடிக்கப் போகிறாயாம். இந்தக் கடிதம் அதைப் பற்றியது மட்டுமே.

அவளுடைய முழங்கை மடிப்பும் முழங்காலின் பின்புறமும் வெடித்து நீர் வடிந்த நாட்களை நீ திரையில் பார்த்தாய். நாங்கள் படுக்கைத் துணியில் பார்த்தோம். காலையில் அந்தத் துணியை வெந்நீர் தொட்டு நனைத்துத்தான் அவள் தோலிலிருந்து பிரிக்க வேண்டியிருந்தது. சொறியாமல் இருக்க இரு கைகளிலும் காலுறை மாட்டிப் படுக்க வைத்தோம். அந்த நிலையில்தான் உன் அறைத்தோழன் காட்டிய ஏதோ ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு நீ ஆணையிட்டாய்: "பாலுதான் விஷம். இன்னிலேருந்து வீட்டுல ஒரு சொட்டு பால் இருக்கக்கூடாது." அப்போது உன் அண்ணி என்ன சொன்னாள் என்பது உனக்கு நினைவிருக்கும். "பால் பலகாரத்துக்குப் பேர்போன கேந்திரபாடாக்காரன் பேசுற பேச்சா இது? பால் இல்லாம வீட்டுக்கு வர்றவங்களுக்கு நான் எதக் குடுக்கிறது, உன் குழாய்த் தண்ணியவா?" என்றாள். சொன்னாளே தவிர, மறுநாளே நெய்ப் பானையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பியவளும் அவள்தான்.

குழந்தைக்கு மட்டும் தனிச் சமையல் என்றால் அவள் கண் எங்கள் தட்டில் இருக்கும். ஆகவே வீடே மாறியது. பழைய சோற்றுக்குத் தயிர் இல்லை. எலுமிச்சை இலையும் உப்பும்தான். பருப்பும் காயும் சேர்ந்த தால்மாவில் நெய்த் தாளிப்பு போய்க் கடுகெண்ணெய் வந்தது. ரஜ பண்டிகைக்குச் சுட்ட பிட்டா பலகாரத்தில் பாலைத் திரித்து எடுக்கும் சேனா இல்லை, தேங்காய்தான். வீதிமுனை மிட்டாய்க் கடையைத் தவிர்ப்பதற்காக ஜிலியைப் பள்ளிக்குச் சுற்று வழியில் அழைத்துப் போகிறேன். கல்லூரியில் பால் சேர்த்த தேநீர் குடித்தால் சோப்புப் போட்டு வாயும் கையும் கழுவாமல் வீட்டுக்குள் வருவதில்லை. பின்னர் அந்தத் தேநீரையே விட்டுவிட்டேன்.

தோல் ஆறியது, இதை நான் மறைக்கவில்லை. முழங்கை மடிப்பு மூடிக்கொண்டது. காலுறை இல்லாமல் அவள் உறங்கிய முதல் விடியலில் சஸ்மிதா சமையலறையில் நின்று அழுததாகக் குந்தலா சொன்னாள்.

ஆனால் தோல் மருத்துவர் மகிழவில்லை. உன்னிடம் நான் அன்றே சொன்னதை, அந்த அம்மாளின் சொற்களிலேயே மறுபடியும் எழுதுகிறேன். "யாரக் கேட்டு முழுசா நிறுத்துனீங்க? எல்லா அரிப்புக்கும் சாப்பாடு காரணம் இல்ல. களிம்பும் எண்ணெயும் ஒழுங்கா போட்டதுலதான் பாதி ஆறியிருக்கு. இவளுக்குப் பால் ஆகலங்கிறது பரிசோதனையில தெரியுது, சரி. ஆனா இத்தன நாள் நிறுத்தின உடம்பு இனி பழையபடி பால ஏத்துக்காது. முன்ன அரிச்சுது. இனிமே மூச்சையே அடைக்கலாம். நீங்களா நிறுத்திட்டீங்க, நீங்களா ஆரம்பிச்சுடாதீங்க." இதைக் கேட்டு நீ "சரி சரி" என்றாய். அந்த இரண்டு சரிகளும் இன்றும் என் காதில் இருக்கின்றன.

அட்சய திருதியை அன்று நடந்ததை நீ கைபேசியின் சிறு திரையில் பார்த்தாய்; பாதியில் இணைப்பும் அறுந்தது. மீதியையும் நீ அறிய வேண்டும்.

நிருபமா ஊர்க் கோயிலிலிருந்து சிறு மண்சட்டியில் பாயசப் பிரசாதம் கொண்டு வந்திருந்தாள். பிஸ்கட் உறையின் பின்புறத்தைக் கண்ணாடி போட்டுப் படிக்கும் வீடு இது. ஆயினும் அந்தச் சட்டியைப் பார்த்தபோது அதற்குள் இருப்பது பால் என்று அங்கிருந்த எவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. எல்லோரும் கை நீட்டி வாங்கித் தலையில் தொட்டுக்கொண்டோம். தயங்கியவள் சஸ்மிதா ஒருத்திதான். ஜிலியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதைத் திரையில் கவனித்த நீ சொன்னாய்: "அக்கா, ஒரு சொட்டு எடுத்து நாக்குல வை. அது சாப்பாடு இல்ல, பிரசாதம். ரெண்டு வருசம் பால் குடிச்சு வளந்தவ, சாமி குடுக்கிற ஒரு சொட்டுலயா போயிடுவா?"

நிருபமா வைத்தாள். பாலை நிறுத்தச் சொன்னவனும் நீ. பாலை வைக்கச் சொன்னவனும் நீ.

முதலில் ஜிலி உதட்டைத் தேய்த்தாள். பிறகு இருமினாள். நாய்க்குட்டி குரைப்பது போன்ற இருமல். முகம் முழுவதும் தடிப்புகள் எழும்பி, கண்கள் கோடாகச் சுருங்கின. "படபாபா" என்று பெரியப்பாவான என்னை அழைக்க வாயைத் திறந்தாள்; காற்று மட்டும் வந்தது.

இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் சஸ்மிதா என்னிடம் நேராக ஒரு சொல் பேசியதில்லை. கணவனின் அண்ணனிடம் பேசாத முறையை நாங்கள் யாரும் அவள்மீது திணிக்கவில்லை, அவளே காத்தாள். நான் அடுத்த நாற்காலியில் இருக்க, "படபாபாவுக்கு இன்னும் சோறு வேணுமான்னு கேளு" என்று ஜிலியிடம் சொல்வாள். அன்று முக்காடு சரிந்து கிடக்க, என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "பாத்துட்டு நிக்கிறீங்களே, குழந்தைக்கு மூச்சு வரல! தூக்குங்க!" அவள் என்னிடம் பேசிய முதல் சொற்கள் அவை.

ஆட்டோவில் ஜிலியின் தலை என் தோளில் கிடந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக் குழி உள்ளே இழுத்துக்கொண்டதைப் பார்த்துக்கொண்டே போனேன். அடுத்த மூச்சு வருமா என்று காத்திருப்பது எப்படிப்பட்டது என்பதை உனக்கு விளக்க எனக்குத் தெரிந்த சொற்கள் போதவில்லை. அந்த அறிவு உனக்கு வரவும் வேண்டாம். மருத்துவமனையில் தொடையில் ஊசி போட்டார்கள். தடிப்பு தணிந்தது. முதலில் குரல் வந்தது, பிறகு அழுகை.

அந்த மருந்துக் குப்பிகளும் ஊசிகளும் இப்போது வீட்டிலேயே இருக்கின்றன. பழகுவதற்காகத் தண்ணீரை ஏற்றிப் பப்பாளிக்காயில் குத்திப் பார்க்கிறேன். "தால்மாவுக்கு வாங்கின பப்பாளிய இப்படிக் குத்திக் குத்தி வெச்சா, அதுல வேகறதுக்கு என்ன மிச்சம்?" என்று உன் அண்ணி கேலி செய்கிறாள். கேலி செய்துவிட்டு, அடுத்த பப்பாளியையும் அவளே எடுத்து வைக்கிறாள். வேதியியல் ஆய்வுக்கூடத்தில் முப்பது ஆண்டுகளாக அமிலத்தைத் துளித்துளியாக அளந்த இந்தக் கை, காயின் முன்னால் அளவு தவறுகிறது. குழந்தையின் தொடைக்கு முன்னால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

ஜிலி மாறிவிட்டாள். தண்ணீர்க் குவளையைக்கூட மோந்து பார்த்து, "இதுல பால் இருக்கா?" என்று கேட்டபின்தான் குடிக்கிறாள். தாயின் கையைத் தவிர வேறு எவர் கையிலிருந்தும் உண்பதில்லை. நிருபமா வந்தால் இரு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறாள். நிருபமா வாசலிலேயே அழுதுவிட்டுத் திரும்புகிறாள். அவள்மீது எனக்குக் கோபமில்லை. நீ சொன்னதைத்தான் அவள் செய்தாள்.

இத்தனைக்கும் பிறகு நீ கண்டடைந்த முடிவை நிருபமா வழியாகக் கேட்டேன். சந்நிதிக்கு வெளியே, அரைகுறை மனத்தோடு கொடுத்ததால்தான் அப்படி ஆயிற்றாம். ஆகையால் இம்முறை சந்நிதியிலேயே, ஒரு சொட்டாக இல்லாமல் வயிறு நிறையக் கொடுக்க வேண்டுமாம். நான் அதைக் கேட்டுவிட்டு எழுந்து போய்க் கை கழுவினேன். ஏன் கழுவினேன் என்று எனக்கே தெரியாது.

என்னை நம்பிக்கையற்றவன் என்பாய். நீ பேசும் மொழியிலேயே பேசுகிறேன். இப்போது கோயில் கதவு மூடியிருக்கிறது. ஸ்நான பௌர்ணமியில் குடங்குடமாக நீராடியதில் ஜகந்நாதருக்குக் காய்ச்சல். தேர் புறப்படும் காலம் வரை சோறு இல்லை, படையல் இல்லை. பழமும் பானகமும் வேர்க் கஷாயமும்தான். ஆண்டுதோறும் நீயும் நானும் இதைக் கண்டு வளர்ந்தவர்கள். இந்த நாட்களில் எவனாவது கதவை இடித்து, "உன் பிரசாதம்தானே, உனக்கு என்ன செய்யும்?" என்று ஒரு குடம் பாயசத்தை உள்ளே நீட்டியதுண்டா? உலகுக்கெல்லாம் உணவளிக்கும் அவரே நோய் கண்டால் பத்தியம் இருக்கிறார். அவரைப் பார்த்துக்கொள்பவர்கள் அதைக் காக்கிறார்கள். உன் மகளைப் பார்த்துக்கொள்பவர்கள் நாங்கள்.

நேற்று மாலை ஜிலியைத் தெருக் கோயிலுக்கு அழைத்துப் போயிருந்தேன். கதவு ஏன் மூடியிருக்கிறது என்றாள். ஜகந்நாதரை நாம் செல்லமாக அழைக்கும் பெயரிலேயே, "காலியாவுக்குக் காய்ச்சல்" என்றேன். "பாயசம் குடுப்பாங்களா?" "மாட்டாங்க. பழமும் கஷாயமும்தான்." "அவனுக்கும் பால் ஆகாதா?" "இப்போதைக்கு ஆகாது." அந்தச் செய்தியில் அவள் முகம் பல வாரங்களுக்குப் பின் மலர்ந்தது. ஓடிப்போய்க் கதவிடுக்கில் வாயை வைத்து, தோழனுக்குச் சொல்வது போல இரகசியமாகச் சொன்னாள்: "காலியா, யாரு குடுத்தாலும் வாயத் தொறக்காத. உங்க அப்பா குடுத்தாலும் தொறக்காத."

சுகாந்த், அவளிடம் இதை நாங்கள் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இன்று காலை சஸ்மிதா இரண்டாம் முறையாக என்னிடம் நேரில் பேசினாள். கதவுக்குப் பின்னால் நின்றுதான், ஆனால் குரல் தெளிவாக இருந்தது. "அண்ணா, அவரு வர்ற அன்னிக்கு நானும் குழந்தையும் எங்கப்பா வீட்டுல இருந்துக்கறோம். நீங்க வண்டி ஏற்பாடு பண்ணிக் குடுங்க." நீ ஆறு மாதமாக எண்ணிக்கொண்டிருக்கும் விடுமுறை அது என்பது அவளுக்குத் தெரியாதா? தெரிந்துதான் கேட்டாள். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. உன் பதில் வந்தபின் என் பதிலைச் சொல்வதாக இருக்கிறேன்.

பாலை அவள் என்றென்றைக்கும் தொடக்கூடாது என்பதில்லை. காலம் வரும்போது மருத்துவமனைப் படுக்கையில், ஊசி தயாராக இருக்க, ஊசிமுனை அளவில் தொடங்கிப் பார்க்கலாம் என்று மருத்துவர் சொல்கிறார். அன்று அவள் யார் மடியில் உட்காருவாள் என்பது இந்த விடுமுறையில் முடிவாகும். அது உன் மடியாக இருக்க வேண்டும் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஒவ்வொரு முறையும் நீ பெட்டி நிறையப் பால்மாவு டப்பாவும் சாக்லேட்டும் கொண்டு வருவாய். இம்முறை எதுவும் வேண்டாம். நேர்த்திக்கடனைப் பழமாகச் செலுத்து; படைக்கும்போது நானும் வந்து நிற்கிறேன். விமான நிலையத்தில் ஏதும் உண்டிருந்தால் வாசல் குழாயில் கை கழுவிக்கொண்டு உள்ளே வா. பிறகு தரையில் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து அவளிடம் காட்டு. அவள் மோந்து பார்ப்பாள். பொறுத்திரு. அழைக்காதே, இழுக்காதே. அவளாக வரட்டும்.

உன் பயணம் தடையின்றி அமையட்டும். மூடிய கதவு உன் கண்முன் திறக்கட்டும். வெறுங்கையோடு வா, தம்பி.

இப்படிக்கு,
உன் அண்ணன்
அந்தர்யாமி பரிடா