கணக்கெடுப்பு வாரத்து அறக்குளா மீன்

குருநாகல்
புதன்கிழமை

என் அன்பு மகள் தினிதிக்கு,

உன் இருமல் தணிந்திருக்கும் என்ற நம்பிக்கையோடு எழுதுகிறேன், இங்கே நாங்கள் மூவரும் சுகம். வீட்டுச் செலவுக்கு வேறு வழியில்லை, கொரியாவில் இன்னும் இரண்டு வருஷம் இருக்கக் கையெழுத்துப் போடப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். அதற்கு முன் இதைப் படி. போன வாரம் நம் வீட்டில் குடும்பச் செலவுக் கணக்கெடுப்பு. ஆளுக்கு எவ்வளவு செலவாகிறது என்று பார்க்கிறார்களாம், ஏழு நாள் என்ன வாங்கினோம், என்ன சாப்பிட்டோம் என்று நெரஞ்சலா என்றொரு பிள்ளை வந்து வந்து எழுதிக்கொண்டு போனாள். அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே, முதல் நாளே அறக்குளா மீனோடு வந்தார், மறுநாள் கோழி, அதற்கடுத்த நாள் இறால். வழக்கம்போல் நெத்தலியும் பருப்பும் போதாதா என்றேன், "மகள் கொரியாவில, வீட்டில நெத்தலின்னு எழுதினா அரசாங்கக் கச்சேரி ஆபீசே சிரிக்காதா?" என்றார். உன் தம்பி கவிஷ கோழிக்காலைக் கடித்துக்கொண்டே, "அம்மா, இவங்க மாசாமாசம் வரமாட்டாங்களா?" என்கிறான்.

கடைசி நாள் எனக்கு மனம் கேட்கவில்லை. அப்பா குளிக்கப் போன நேரம், இது நாங்கள் சாப்பிடுகிற சாப்பாடே இல்லை என்று அந்தப் பிள்ளையிடம் சொல்லிவிட்டேன். அவள் சிரித்துவிட்டு, "தெரியும் ஆன்ட்டி, நான் போற வீடெல்லாம் இப்படித்தான் மணக்குது, என் வீட்டில மட்டும்தான் தேங்காய்ச் சம்பல்" என்றாள். இருவரும் உட்கார்ந்து உள்ளபடி எழுதினோம். வீட்டில் எத்தனை பேர் என்றதற்கு நான் நாலு என்றேன், இங்கே சாப்பிடாதவர் கணக்கில் வரமாட்டார் என்று உன் பெயரை அடித்துவிட்டாள், அது எனக்குச் சுருக்கென்றது. ஆனால் மூன்று பேருக்கு அரிசி, கறி, கரண்ட், கவிஷவின் டியூஷன் எல்லாம் கூட்டிப் பார்த்தால் அப்பாவின் பஸ் டிப்போ சம்பளத்துக்குள் அடங்குகிறது மகளே. அப்படியானால் உன் பணம் எதற்குப் போயிற்று? முன்வாசல் டைல்ஸ், பெரிய டிவி, நான் கல்யாண வீடுகளுக்குக் கட்டிப்போகும் சேலைகள், எல்லாம் பிறர் பார்ப்பதற்கு. அங்கே நீ என்ன சாப்பிடுகிறாய் என்று எழுத யார் வருகிறார்கள்?

அந்த வேலை உனக்குப் பிடித்திருந்தால் உனக்காகக் கையெழுத்துப் போடு, எங்களுக்காக வேண்டாம். அப்பாவிடமும் இதைச் சொன்னேன். தேநீரை ஆற்றிக் குடித்துவிட்டு, "நெத்தலி எனக்கென்ன கசக்குதா? புத்தாண்டுக்குப் பிள்ளையை வந்து சேரச் சொல்லு" என்றார்.

புத்தம், தருமம், சங்கம் என்ற மும்மணிகளின் காவல் உனக்கு எப்போதும் இருக்கட்டும். இந்த மாதச் சம்பளத்தை அனுப்பாதே, கனமான குளிர்ச்சட்டை ஒன்று வாங்கு, வாங்கிப் போட்டுக்கொண்டு எனக்குப் படம் அனுப்பு.

உன்னை எண்ணிக்கையில் விடாத அம்மா,
நில்மினி