கவ்வாத்தை மாற்றியது யார்

வியாழன்.

தேயிலை விலை விழுந்ததும் அண்ணன் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். தோட்ட வேலைகளை அவரும் அண்ணியும் நானும் செல்போனில் ஒரே குறிப்பேட்டில்தான் எழுதுகிறோம். நேற்று ‘மேல்காடு கவ்வாத்து’ என்றிருந்தது. இன்று ‘மேல்காடு பிடுங்கணும்’ என்று மாறியிருந்தது. கிளைகளை வெட்டிக் கவ்வாத்து செய்தால் செடி மறுபடி துளிர்க்கும், பிடுங்கினால் அவ்வளவுதான்.

அண்ணியிடம் கத்தினேன். “அப்பா வெச்ச செடி உங்களுக்கு அத்தனை எளப்பமா?”

“நான் கை வெக்கலீங்க தம்பி” என்றார்.

சாயங்காலம்தான் யார் எதை மாற்றினார்கள் என்று காட்டும் பக்கத்தைத் திறந்தேன். அண்ணன் பெயர் இருந்தது. போன் போட்டேன்.

“உங்கிட்ட சொல்ல வாய் வரலடா. அவகிட்ட காலைலயே சொல்லிட்டேன்” என்றார்.

காலையிலேயே! அத்தனை பேச்சையும் வாங்கிக்கொண்டு அண்ணனைக் காட்டிக்கொடுக்காமல் நின்றிருக்கிறார்.

“சோறு ஆறுதுங்க தம்பி” என்று இப்போது கூப்பிடுகிறார். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு போவேன்?